நாதஸ்வரம் கற்க உட்கார்ந்த ஜாஸ் வாத்தியார்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் இருக்கிறது நாமகிரிப்பேட்டை. வெளியூர்க்காரர்களுக்கு மஞ்சள் மண்டி என்றால் தெரியும். சங்கீதம் கேட்பவர்களுக்கு அந்த ஊர்ப்பெயரைச் சொன்னதும் அடுத்து வாயில் வருவது 'கிருஷ்ணன்'தான். 1924-ல் பிறந்து 2001-ல் மறைந்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், நாதஸ்வரம் என்றாலே தஞ்சாவூர்க் காவிரிக்கரை என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சேலம் ஜில்லாவிலிருந்து போய்ப் பெயர் வாங்கியவர். பத்மஸ்ரீ வரைக்கும் வாங்கினார். எங்க பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்துக்கே அவருடைய மங்கல இசை கேசட்டைப் போட்டுவிடுவார்கள். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, வாசிப்பு மட்டும் அவருடையதேதான்.

அப்படிக் காதுக்குப் பழகிப்போன வாத்தியம் அது. பழகிப்போனதாலேயே உட்கார்ந்து யாரும் கேட்பதில்லை. மண்டபத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும், நாம் மாப்பிள்ளை வீட்டாரின் காரை எங்கே நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருப்போம். இப்படி நாம் கேட்காமல் விட்ட ஒன்றைக் கேட்டு, நின்று, நாற்பது வயதுக்கு மேல் மாணவனாக உட்கார்ந்த ஒரு அமெரிக்க ஜாஸ் வாத்தியார் இருந்தார். பெயர் சார்லி மரியானோ. 2009 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், 85 வயதில் இறந்துபோனார். தமிழில் அவரைப் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் இந்தக் குறிப்பு.

1923 நவம்பரில் பாஸ்டன் நகரத்தில் பிறந்தார். அப்பா அம்மா இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். கையில் எடுத்தது ஆல்டோ சாக்ஸபோன். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ராணுவ பேண்டு, போர் முடிந்ததும் சங்கீதப் பள்ளி, 1953-லிருந்து இரண்டு வருஷம் ஸ்டான் கென்டனின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. அந்தக் காலத்து ஜாஸ்காரர்கள் பலருக்கும் இதே பாதைதான்.

1940-களின் ஆல்டோ சாக்ஸபோன்காரர்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அதன் பெயர் சார்லி பார்க்கர். நம்ம ஊரில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்த பிறகு வந்த நாதஸ்வரக்காரர்கள் தோடியை எடுக்கும்போது என்ன பட்டிருப்பார்களோ, அதேதான். பார்க்கர் வாசித்ததைக் கேட்டபின் வேறு மாதிரி யோசிக்கவே முடியாது. அத்தனை பேரும் பார்க்கர் மாதிரியே வாசித்தார்கள். மரியானோவும் அந்த வரிசையில் வைத்துத்தான் பேசப்பட்டார். நல்ல வாசிப்பு, ஆனால் பார்க்கர் பாணி. ஒரு கலைஞனுக்கு இதைவிடச் சங்கடமான பாராட்டு கிடையாது.

ஆனால் பாஸ்டனில் அவரைப் பலரும் கொண்டாடியதற்குக் காரணம் வேறு. 1953-ல் நண்பர்களோடு சேர்ந்து 'ஜாஸ் வொர்க்‌ஷாப்' என்று ஒன்றை ஆரம்பித்தார். ட்ரம்பெட் வாசித்த ஹெர்ப் பாமராய் போன்றவர்கள் கூட இருந்தார்கள். பாடம் எடுப்பதைவிடக் கூட உட்கார்ந்து வாசிப்பதுதான் அங்கே முக்கியம். கற்றுக்கொள்ள வந்த பையனும் வாத்தியாரும் ஒரே பாட்டை எடுப்பார்கள், வாத்தியார் ஒரு சுற்று வாசிப்பார், பையன் ஒரு சுற்று வாசிப்பான். தப்பு வந்தால் அடுத்த சுற்றில் வாத்தியார் வாசிக்கிறதிலேயே திருத்தம் இருக்கும்.

நாதஸ்வர வீடுகளில் பழைய முறையும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. சின்னப் பையனை முதலில் ஒத்து ஊத விடுவார்கள். ஒரே சுருதி, மணிக்கணக்காக. பக்கத்தில் குரு வாசித்துக்கொண்டிருப்பார். வருஷக்கணக்கில் அப்படிக் காதில் ஏறியபிறகு, இரண்டாவது நாதஸ்வரமாகக் கூட வாசிக்க விடுவார்கள். குரு விட்ட இடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேர் வீதியில் போய்க்கொண்டிருக்கும்போதே பாடமும் நடக்கும்.

1950-களின் கடைசியில் பாஸ்டனின் பெர்க்லி சங்கீதப் பள்ளியில் ஆசிரியரானார் மரியானோ. ஜாஸை ஒரு படிப்பாகச் சொல்லிக்கொடுத்த முதல் பெரிய இடங்களில் அது ஒன்று. ஜப்பானிலிருந்து அங்கே படிக்க வந்த பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷியை 1959-ல் மணந்தார், கொஞ்ச காலம் ஜப்பானிலும் இருந்தார். 1963-ல் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்டு தி சின்னர் லேடி' இசைத்தட்டில் ஆல்டோ வாசித்தார். அதில் அவருடைய சாக்ஸபோன் ஒப்பாரி வைக்கிற மாதிரி குரலெடுக்கும். அதைக் கேட்டால், பார்க்கர் பாணி என்ற சட்டை அவருக்கு இறுகிக் கிழிய ஆரம்பித்துவிட்டது என்பது புரியும். 1960-களின் நடுவில் மறுபடி பெர்க்லி.

இந்த இடத்தில்தான் நம்ம பக்கத்துக் கதை குறுக்கே வருகிறது. ரப்பர்த் தோட்ட வேலைக்கு மலாயா போன தமிழர்களில் திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்களோடு சேலம் ஜில்லாக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். போன ஜனம் கோயில் கட்டியது, கோயிலுக்கு மேளம் வேண்டும், நாதஸ்வரமும் தவிலும் கடல் தாண்டின. தேர், காவடி, கல்யாணம் எல்லாம் அங்கேயும் அதே சத்தத்தோடு நடந்தது, இன்றும் நடக்கிறது.

1966-67 வாக்கில் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் மரியானோ கோலாலம்பூருக்குப் போனார். மலேசிய வானொலியின் ஆர்க்கெஸ்ட்ராவோடு வேலை. அந்தக் காலத்தில் அமெரிக்கா ஜாஸை ஒரு தூதுவனாகவே உலகம் பூரா அனுப்பிக்கொண்டிருந்தது. 1958-ல் டேவ் புரூபெக் இந்தியாவுக்கு வந்தார், 1963-ல் டியூக் எலிங்டன் வந்தார், இருவரும் சென்னையிலும் வாசித்தார்கள். அவர்கள் வந்தது கச்சேரி செய்ய. மரியானோ போனது சொல்லிக்கொடுக்க. போன இடத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டார், கேட்டதோடு நிற்காமல் அங்கிருந்த நாதஸ்வரக் கலைஞர் ஒருவரிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 43.

இதில் என்ன அதிசயம், இரண்டும் ஊதுகிற வாத்தியம்தானே என்று கேட்கலாம். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கேதான் இருக்கிறது.

சாக்ஸபோன் 1846-ல் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய வாத்தியம். பித்தளை உடம்பு, ஒற்றை நாணல் பட்டை, இருபதுக்கும் மேலே துளைகள். எந்தத் துளையையும் விரல் நேராகத் தொடாது. சாவியை அழுத்தினால் ஒரு மூடி போய்த் துளையை அடைக்கும். ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்படி செய்த ஏற்பாடு அது.

நாதஸ்வரத்தில் மொத்தம் பன்னிரண்டு துளை. அதில் விரல் வேலை செய்வது ஏழில்தான். மிச்சம் ஐந்தும் அடிப்பக்கத்தில் சுருதிக்காக இருப்பவை. சாவி கிடையாது, மூடி கிடையாது. பன்னிரண்டு சுரஸ்தானத்தையும் அவற்றுக்கு நடுவே ஓடுகிற கமகத்தையும், துளையைக் கால்வாசி அரைவாசி மூடியும், உதட்டால் சீவாளியைக் கடித்தும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும்தான் எடுக்க வேண்டும். சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது, இரட்டை நாக்கு. ஈரம் பட்டால் ஒரு மாதிரி பேசும், காய்ந்தால் ஒரு மாதிரி பேசும். அதனால்தான் வாத்தியத்தில் உபரிச் சீவாளிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். குழல் ஆச்சா மரம். கும்பகோணத்துக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் உத்தரம், தூண் என்று நன்றாகக் காய்ந்த ஆச்சாவைத் தேடி வாங்கிச் செய்கிறார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரே ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுமே வாய்ப்பக்கம் குறுகி, கீழே போகப் போக அகலும் கூம்புக் குழல். அதனால் ஓங்கி ஊதினால் இரண்டும் மேல் ஸ்தாயிக்குத் தாவும். சாக்ஸபோன்காரனுக்கு அந்த ஒரு இடம்தான் சொந்தக்கார இடம். மற்றபடி இருபது வருஷம் பழகிய விரலை மறந்துவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெர்க்லி மாதிரி ஒரு பள்ளியில் ஜாஸ் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் கார்டு மாற்றங்களை. நாலு தாளத்துக்கு ஒருதரம், சில பாட்டில் இரண்டு தாளத்துக்கு ஒருதரம், காலடியில் தரை மாறிக்கொண்டே இருக்கும். அதன் மேலே வழுக்காமல் ஓடுவதுதான் வித்தை. நாதஸ்வரத்தில் தரை மாறவே மாறாது. ஒத்து ஒரே சுருதியில் நிற்கும். ஓடிப் பழகியவனை ஒரே இடத்தில் நிறுத்தி, 'இங்கேயே நின்னு ஒரு மணி நேரம் பேசு' என்று சொன்னால் என்ன செய்வான்? சொல்ல வேண்டியது தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும். ஜாஸிலேயே மைல்ஸ் டேவிஸும் ஜான் கோல்ட்ரேனும் அந்தப் பக்கம் திரும்பியிருந்த காலம்தான் அது. கோல்ட்ரேன் தன் பையனுக்கு ரவி என்று பெயர் வைத்தது ரவிசங்கரை நினைத்து. ஆனால் அமெரிக்காவில் அப்போது இந்தியா என்றால் சிதார். வீதியில் நடந்துகொண்டே ஊதுகிற, காது கிழிகிற ஒரு கோயில் வாத்தியத்தை எடுத்தவர்கள் அபூர்வம்.

பாஸ்டன் திரும்பினார், 1971-ல் பெர்க்லி வேலையை விட்டார், ஐரோப்பாவில் குடியேறினார். 1973-ல் தென்னிந்தியாவுக்கே வந்து ஒரு கிராமத்தில் சில மாதம் தங்கி நாதஸ்வரப் பாடத்தைத் தொடர்ந்தார். 1970-களின் அவருடைய இசைத்தட்டுகளில் வாத்தியப் பட்டியலைப் பார்த்தால் ஆல்டோ, சொப்ரானோ, புல்லாங்குழல், கடைசியில் நாகஸ்வரம் என்று இருக்கும். 1972-ன் 'மிரர்', 1976-ன் 'ஹெலன் 12 ட்ரீஸ்', எபர்ஹார்ட் வெபரின் 1975 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' எல்லாவற்றிலும் அது உண்டு. எலெக்ட்ரிக் பியானோவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் நம்ம வாத்தியம்.

அது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன், நாமகிரிப்பேட்டையின் கல்யாணியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது நாதஸ்வரமாக முதலில் படாது. கமகம் மெலிசு. ஒரு சுரத்தை அசைத்து அசைத்துக் கனியவைக்கிற பொறுமை குறைவு. ராகம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இதைக் கேட்ட எங்க ஊர்த் தவில்காரர் ஒருவர், "ஆளு ஊதறாருங்க, ஆனா பேசலீங்களே" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அதே வருஷங்களில் மரியானோ வாசித்த சாக்ஸபோனைக் கேட்கணும். அங்கேதான் பாடம் இறங்கியிருக்கிறது. சுரத்துக்குச் சுரம் தாவாமல் வழுகிப் போகிறார். ஒரு சுரத்தின் கடைசியை அறுக்காமல் உதட்டால் கீழே இழுத்து விடுகிறார். ஓடுவதை விட்டுவிட்டு நிற்கிறார். பார்க்கர் பாணி என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெங்களூரில் மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-ல் ஆரம்பித்த கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற லயப் பள்ளி உண்டு. மணி, அவர் மனைவி ஆர்.ஏ. ரமாமணி, கடம், மோர்சிங், கஞ்சிரா, கொன்னக்கோல் கலைஞர்கள், இவர்களோடு சேர்ந்து மரியானோ 1983 பிப்ரவரியில் ஜெர்மனியில் ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார். இசிஎம் நிறுவனம் வெளியிட்ட அதன் பெயர் 'ஜோதி'. ராக்காரர்களோடும் ஜாஸ்காரர்களோடும் வாசிக்கும்போதெல்லாம் நாதஸ்வரத்தை எடுத்தவர், சுத்தமான கர்நாடக சங்கீதக்காரர்கள் நடுவே உட்கார்ந்தபோது அதை எடுக்கவில்லை. சாக்ஸபோனும் புல்லாங்குழலும் மட்டும்தான். ரமாமணி பாடுகிறார், இவர் பின்னாலேயே போகிறார், சில இடத்தில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார், கிட்டத்தட்ட ஒத்து ஊதுகிற பையன் மாதிரி. அப்போது அவருக்கு 59 வயது, நாற்பது வருஷத்து அனுபவஸ்தர். எது தனக்கு வரும், எது வராது என்று குருவிடம் உட்கார்ந்தவனுக்குத்தான் இப்படித் தெரியும் என்று நினைக்கிறேன்.

1995-ல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்கப்புறமும் பதினாலு வருஷம் வாசித்தார்.  2009-ல் அவர் போனபோது வந்த அஞ்சலிகளில் மிங்கஸ் இருந்தார், கென்டன் இருந்தார், பெர்க்லி இருந்தது. நாதஸ்வரத்துக்கு ஒரு வரி.

நம்ம பக்கம் அந்த ஒரு வரியும் இல்லை. இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நாதஸ்வரக்காரர்களையே நாம் எத்தனை பேரை நினைவு வைத்திருக்கிறோம்? திருச்செங்கோட்டில் வைகாசித் தேர் இழுக்கும்போது முன்னால் வாசித்துக்கொண்டு போனவர்கள் யார் யார் என்று கேட்டால், போன தலைமுறைப் பெயர்களில் இரண்டைச் சொல்ல ஊரில் ஆள் தேட வேண்டும். இன்றைக்கு எங்க ஊர்ப் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட்டு. அதில் கிளாரினெட், ட்ரம்பெட், கூடவே சாக்ஸபோன். சினிமாப் பாட்டு. நாதஸ்வரம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும், கெட்டிமேளத்துக்காக.

சாக்ஸபோன் இந்தப் பக்கம் வந்த வழி மரியானோ போன வழிக்கு நேர் எதிர். கத்ரி கோபால்நாத்தின் கதை பலருக்கும் தெரியும். தட்சிண கன்னடத்தில் நாதஸ்வரக்காரர் மகனாக 1949-ல் பிறந்தார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து ஆசைப்பட்டு, அப்பாவின் வாத்தியத்தை விட்டு அதை எடுத்தார். கமகம் பேசத் தெரியாத அந்தப் பித்தளையைப் பேசவைக்க இருபது வருஷம் ஆயிற்று. சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு வாசித்தார், 1994-ல் லண்டன் ப்ராம்ஸ் விழாவுக்குப் போனார். அதே வருஷம் 'டூயட்' படம் வந்தது, அதன்பிறகு தமிழ்நாட்டில் சாக்ஸபோன் தெரியாத வீடு கிடையாது. 2019 அக்டோபர் 11 அன்று மறைந்தார். மணி 2020-ல் போனார்.

1990-களில் பெர்க்லியில் ருத்ரேஷ் மஹந்தப்பா என்று ஒரு பையன் ஆல்டோ சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அம்மா கர்நாடகத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள், அவன் வளர்ந்தது கொலராடோவில். அண்ணன் ஒருநாள் அவனைச் சீண்டுகிற மாதிரி ஒரு இசைத்தட்டைக் கொடுத்தான், இந்திய பாணியில் சாக்ஸபோன் என்று போட்டிருந்தது. உள்ளே கத்ரி கோபால்நாத். மரியானோ வேலையை விட்டுப் போய் இருபது வருஷத்துக்குப் பிறகு, அதே பள்ளியின் மாணவன் காதில் நாதஸ்வரக்காரர் மகனின் வாசிப்பு விழுந்தது. பிறகு மஹந்தப்பா கோபால்நாத்தைத் தேடி வந்து கூட உட்கார்ந்து வாசித்தார். 2008-ல் இருவரும் சேர்ந்து 'கின்ஸ்மென்' என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். கன்னியாகுமரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், அமெரிக்காக்காரர்களின் கிதார், பேஸ், டிரம்ஸ். இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 'ஜோதி'யிலிருந்து ஆரம்பியுங்கள். நாதஸ்வரம் அதில் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். ரமாமணியின் குரல் நிற்கிற இடங்களில் மரியானோ என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அதற்கடுத்து நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் ஏதாவது ஒரு ஆலாபனை, மண்டபத்தில் இல்லை, வீட்டில், ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு.